இரண்டு குறைந்த பை

தூய் சித்தி அந்தப் பையை முற்றத்து மேசைமேல் கவிழ்த்துக் கொட்டியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அறுபது பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். வாழையிலையில் பொதிந்த கறுப்புக் கொழுக்கட்டைகள் மீன்சாற்றுக் கிண்ணங்களுக்கு நடுவே உருண்டன. ஒன்று கீழே விழுந்து நாயின் காலடியில் போய் நின்றது. நாய்கூட அதைத் தொடவில்லை.

"எண்ணுங்க," என்றார் சித்தி. "யாராவது எண்ணுங்க. எனக்குக் கண்ணு தெரியல."

யாரும் எண்ணவில்லை. சித்தியே எண்ணினார். எட்டு.

"எங்க வீட்டுல அஞ்சு பேர். ஆளுக்கு ரெண்டு. பத்து இருக்கணும். எட்டுதான் இருக்கு. யாரோட ரெண்டை எடுத்தீங்க, அண்ணி? சொல்லுங்க, யாரோட ரெண்டு?"

சமையல்கட்டு வாசலில் மியென் அத்தை நின்றுகொண்டிருந்தார். மாவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்தவில்லை.

அன்று என் தாத்தாவின் திதி. அப்பா போன பிறகு, வீட்டின் மூத்த மகனுக்கு மூத்த மகன் என்ற முறையில் ஊதுவத்தி ஏற்றி முதல் வணக்கம் செய்ய வேண்டியவன் நான். அன்று காலைதான் க்வீ நோன் பல்கலைக்கழகத்தில் வாங்கிய என் பட்டத்தைத் தாத்தாவின் படத்துக்கு முன்னால் வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். வந்தவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு கொழுக்கட்டைப் பை அந்த நாளை இப்படிப் புரட்டிப் போடும் என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

எங்கள் பக்கத்தில் திதிக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவது கிடையாது. வந்தவர் வயிறு நிறைந்தால் போதாது, வராதவர் வாய்க்கும் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கொழுக்கட்டை. மேல்பக்கம் பச்சையும் அடிப்பக்கம் வெள்ளையுமான ஓர் இலையைக் கரியாகக் கறுக்கும்வரை வேகவைத்து, பசையரிசி மாவோடும் சர்க்கரையோடும் உரலில் இடித்து, உள்ளே இஞ்சி போட்ட தேங்காய்ப் பூரணம் வைத்து, கோபுரம்போல் கூராக வாழையிலையில் மடிப்போம். மூன்று நாள் கெடாது. மேட்டின் மேல் சாம் மன்னர்கள் கட்டிய பழைய செங்கல் கோபுரங்களுக்கே ஊர்க்காரர்கள் இந்தக் கொழுக்கட்டையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் இதைச் செய்தது ஒரு ராஜாவின் கடைசி மகள் என்று ஒரு கதையும் உண்டு. அவளுக்குப் பிற்பாடு கல்யாணம் ஆனதா, இல்லையா என்று அந்தக் கதையைச் சொல்கிற யாரும் சொல்வதில்லை.

மியென் அத்தை என் அப்பாவின் தங்கை. வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. தம்பி லுவான் சித்தப்பா, தூய் சித்தி வீட்டில்தான் இருந்தார். எங்கள் பாட்டி இறந்தபோது சித்தப்பாவுக்கு ஆறு வயது, அத்தைக்குப் பதினேழு. அத்தையைக் கேட்டு வந்த முதல் வரனைத் தம்பி சின்னவன் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வரன் வந்தபோது தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், ஒரே வருஷத்தில் இரண்டு கல்யாணம் தாங்காது என்று அதையும் அனுப்பினார்கள். மூன்றாவது வரவில்லை.

அதனால் எல்லார் வீட்டுத் திதிக்கும் கொழுக்கட்டை செய்வதும், பையில் போட்டுக் கட்டுவதும் அத்தையின் வேலையாகிவிட்டது. அவர் கட்டைவிரல் நகம் நான் பார்த்த நாளிலிருந்து கறுப்புதான். கல்யாணமாகிப் போன பெண் மூன்றாம் நாள் தன் கையால் கொழுக்கட்டை செய்து பிறந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பாதிப் பெண்களுக்குச் செய்யத் தெரியாது. வேலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். "உன் கை எங்க இருக்கு, வீட்டுல விட்டுட்டு வந்தியா?" என்று திட்டிக்கொண்டே அத்தை செய்து கொடுப்பார். மறுநாள் அந்த மாமனார்கள், மருமகள் கைப்பக்குவத்தை ஊரெல்லாம் புகழ்வார்கள்.

அத்தை எழுதி வைத்துக்கொண்டதில்லை. பைகளை மூங்கில் கழியில் வரிசையாகத் தொங்கவிடுவார். எந்தப் பை எந்த வீடு, எந்த வீட்டில் எத்தனை வாய், எல்லாம் தலையில்தான் இருக்கும். சைகோனில் வேலை செய்பவனுக்கும் கணக்கு உண்டு, தைவானில் இருப்பவளுக்கும் உண்டு. சொல்லாமல் ஓடிப்போன ஒரு பெண்ணை நாலு வருஷம் கணக்கில் வைத்திருந்தார். அவள் திரும்பி வந்த அன்று பையில் அவளுக்கும் இரண்டு இருந்தது. குடித்துவிட்டுப் பெண்டாட்டியிடம் அடி வாங்கி, தன் அக்கா வீட்டில் கிடந்த ஒருவன் ஒருமுறை வந்து தனக்குத் தனிப் பை கேட்டான். "நீ எந்த வீட்டுல படுத்து எந்திரிக்கிறியோ, அந்த வீட்டுப் பையில உன் ரெண்டு இருக்கும். போ," என்றார் அத்தை. அதுதான் விதி. பிறந்தால் இரண்டு கூடும், கல்யாணம் ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இரண்டு போகும். செத்தால் இரண்டு குறையும்.

முப்பது வருஷத்தில் அத்தை தப்பாக எண்ணி யாரும் பார்த்ததில்லை.

அதனால்தான் அறுபது பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். சித்தியின் மகன் சாங் சூரை மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

"பனிக்கட்டி எடுக்கத்தான் வீட்டுக்குப் போனேன்," என்றார் சித்தி. "போற போக்குல பையையும் எடுத்துட்டுப் போனேன். சின்னவளுக்கு ஒண்ணு குடுக்கலாம்னு பிரிச்சா, எட்டு. மூணு தடவ எண்ணுனேன். அண்ணி, உங்களுக்கு என்ன தெரியும்? யாராச்சும் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா? துறைமுகத்துலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?"

"உன் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல," என்றார் அத்தை. "அவன் ரெண்டு அதுலதான் இருக்கு."

"அப்ப யாரோடது இல்ல?"

அத்தையின் முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அது பயமாகத்தான் தெரிந்தது. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன்.

லுவான் சித்தப்பா எழுந்தார். வேகமாக எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அக்கா, விளையாடாத. படகுக்காரர் சம்சாரத்துக்கு ஃபோன் போடுடா கியெத்!"

நான் போட்டேன். படகு முதலாளியின் மனைவி வீட்டில்தான் ரேடியோப் பெட்டி இருக்கிறது. "இப்ப கூப்பிட்டா கிடைக்காதே தம்பி, நாலு மணிக்குத்தான் படகுங்க பேசும். ஏன், என்ன ஆச்சு?" என்றார். என்ன சொல்வது? கொழுக்கட்டை இரண்டு குறைகிறது என்று சொன்னேன். "யார் எண்ணுனது?" என்று கேட்டார்.

"மியென் அத்தை."

"ஐயோ," என்றார். "இரு, இப்பவே கூப்பிட்டுப் பாக்குறேன்."

மணி பன்னிரண்டரை. சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். என் அம்மா அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார்: "சொல்லித் தொலையேன்டீ! தப்பா எண்ணிட்டேன்னாவது சொல்லேன்!"

"நான் தப்பா எண்ண மாட்டேன்," என்றார் அத்தை. மெதுவாகத்தான் சொன்னார். முற்றம் முழுக்கக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

வந்தவர் ஹொவாய். கோபுர மேட்டின் அடிவாரத்தில் தனியாக இருப்பவர். அவர் வேலி முழுக்கக் கொழுக்கட்டைக்கான அந்த இலைச்செடிதான். எந்தத் திதியானாலும் இரண்டு நாள் முன்பே இலைக்கட்டைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து அத்தையிடம் போட்டுவிட்டுப் போவார். இருபது வருஷமாக. பேச்சு அதிகம் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தாலும் முதல் ஆளாக எழுந்துவிடுவார். அன்றும் அப்படித்தான் தன் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

இப்போது அதே பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கூம்புத் தொப்பியை மற்றக் கையில் வைத்துக்கொண்டு, நேராக அத்தையிடம் நடந்து வந்தார். முற்றத்தில் என்ன நடக்கிறது என்று அவர் கவனிக்கவே இல்லை.

"மியெனம்மா," என்றார். "தப்பா வந்துருச்சு போல. வீட்டுல சம்சாரம் படத்துக்கு முன்னால வைக்கலாம்னு பிரிச்சேன். நாலு இருக்கு. நான் ஒரு ஆளு. ரெண்டு வேற யாரோடதோ. அந்த வீட்டுல தேடுவாங்கன்னுதான் உடனே கொண்டாந்தேன்."

பந்தல் துணி காற்றில் படபடத்தது.

அவர் மனைவி போய் ஏழு வருஷம். அந்த அம்மா இருந்தவரை அந்த வீட்டுப் பையில் நான்கு. அவர் போன பிறகு வந்த முதல் திதியில், கட்டிய பையை அத்தை அவிழ்த்து, இரண்டை வெளியே எடுத்துவிட்டு மறுபடி கட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இப்போது அந்தப் பையில் மறுபடி நான்கு.

எட்டும் நான்கும். என் மண்டையில் அது இறங்க எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது. சித்தியின் வீட்டில் சாங்கை எண்ணினோம், அவன் தங்கையை எண்ணினோம், சித்தப்பாவை, சித்தியை. யாருடைய இரண்டு குறைகிறது என்று அறுபது பேர் பதறினோம். ஐந்தாவது வாய் எங்கள் கண்ணெதிரே மாவுத் துணியோடு நின்றுகொண்டிருந்தது. அது ஒருவர் கணக்கிலும் வரவில்லை. பட்டம் வாங்கிய என் கணக்கிலும் வரவில்லை.

"மக்கு மனுசா," என்றார் அத்தை. "திருப்பிக் கொண்டாரதுக்கா குடுத்தேன்?"

ஹொவாய் பையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார்.

"பத்து நாளைக்கு முன்னால கேட்டப்ப, திதி முடியட்டும், பதில் சொல்றேன்னு சொன்னியே," என்றார்.

"சொல்லிட்டேனே. கையிலேயே குடுத்தேன்ல."

அவர் தொப்பியைக் கீழே போட்டார். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

பின்வரிசையில் யாரோ ஒரு கிழவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் வாயைப் பொத்தினார். லுவான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்த யாருக்கும் சிரிப்பு வராது.

"அக்கா," என்றார். "என்ன இது? உனக்கு வயசு என்ன? அப்பா திதியும் அதுவுமா, ஊரு பாக்க... இந்த ஆளுகூட?"

"இந்த ஆளுக்கு என்ன? காலு கையி இருக்கு. குடிக்க மாட்டாரு. இருபது வருசத்துல ஒரு தடவகூட முத்துன எல கொண்டாந்தது இல்ல."

"இலைக்காகவா ஒருத்தன் வீட்டுக்குப் போவாங்க?"

"இஞ்சி சொரண்டும்போது என் கண்ணு எரியுதான்னு கேட்டாரு. உங்க யாருக்கும் அது எரியும்னாவது தெரியுமா?"

சித்தப்பாவை ஆறு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர் அத்தை. அவரிடம் கத்திப் பழக்கமில்லாததால் கத்தும்போது வார்த்தை தடுக்கியது.

"போனீன்னா... போனீன்னா இந்த வீட்டுக் கணக்குல நீ கிடையாது!"

"அதத்தானே காலையிலேயே எடுத்துட்டேன்," என்றார் அத்தை.

தரையில் உட்கார்ந்திருந்த தூய் சித்தி அப்போதுதான் தலையைத் தூக்கினார். "அப்ப சாங்குக்கு ஒண்ணும் இல்லியா?" என்றார். "நெசமாவே ஒண்ணும் இல்லியா?"

"அதத்தான் மொதல்லயே சொன்னேன்."

"வாயத் தெறந்து முழுசாச் சொல்லக் கூடாதா அண்ணி! என் உசுரே போயிருச்சு!"

"எப்படிச் சொல்றது?" என்று அத்தை சித்தியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "அம்பத்து நாலு வயசுல என்னன்னு சொல்றது? நாக்கு வரல தூய். கைக்கு வந்துச்சு. நீ இங்கேயே பிரிச்சுப் பாப்பேன்னா நெனச்சேன்? வீட்டுக்குப் போயி, ராத்திரி சோத்துக்கு உக்காரும்போது எண்ணுவ, புரிஞ்சுக்குவ, என்ன வந்து கேப்பேன்னு நெனச்சேன்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பிப் பார்த்தால் ஹொவாய் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது மனிதர், இருபத்து மூன்று வயதுப் பையன் முன்னால் கைகட்டிக்கொண்டு. பை கைகளுக்கு நடுவே நசுங்கியது. முறைப்படி அவர் கேட்க வேண்டிய ஆள் வீட்டின் மூத்த மகன். என் அப்பா இல்லாததால் நான்.

"தம்பி," என்றார். "வெத்தல பாக்கு எதுவும் கொண்டாரல. பையத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். நீங்க என்ன சொல்றீங்களோ."

சித்தப்பா என்னையே பார்த்தார். அவர்தான் என் பள்ளிக்கூடத்துக்கு மழையில் என்னைத் தோளில் தூக்கிப் போனவர். அத்தை என்னைப் பார்க்கவில்லை. சிதறிக் கிடந்த எட்டுக் கொழுக்கட்டைகளையும் பொறுக்கி, மண் துடைத்து, பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் போடும்போதும் உதடு அசைந்தது. அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அம்மா என் விலாவில் இடித்தார். "ஊமையாடா நீ?"

படித்ததெல்லாம் எங்கே போனதோ, ஒரு நல்ல வாக்கியம்கூட வரவில்லை. "அத்தை எண்ணுனா தப்பாகாது," என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஹொவாய் குனிந்து வணங்கினார். சித்தப்பா விழுந்த நாற்காலியை நிமிர்த்தாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு ஃபோன் வந்தது. படகுக்காரர் மனைவி கடலில் இருந்த நாலு படகுகளைக் கேட்டு, ஐந்தாவதில் சாங்கைப் பிடித்திருந்தார். ஃபோனை ரேடியோப் பெட்டியோடு ஒட்டி வைத்தார். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்: "எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன். மீன்தான் இல்ல. என்ன, அத்தைக்குக் கல்யாணமா? யாரு அத்தை? நம்ம அத்தையா?" பிறகு பத்து விநாடி வெறும் இரைச்சல். அவனும் அதிர்ந்துதான் போயிருந்தான், கரையிலிருந்து இருநூறு கடல்மைலுக்கு அப்பால்.

கல்யாணம் நாலு மாதம் கழித்து, வருஷத்தின் எட்டாம் மாதத்தில் நடந்தது. சித்தப்பா வரவில்லை. அந்த நாலு மாதமும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தி வந்தார், அழுதார், இனிமேல் திதிக்கு யார் பை கட்டுவது என்று எல்லோரிடமும் சண்டை போட்டார்.

மூன்றாம் நாள் காலை அத்தையும் ஹொவாயும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அத்தையின் கையில் கொழுக்கட்டைக் கூடை. ஊரிலிருந்த பாதிப் பெண்களுக்கு அத்தை செய்து கொடுத்த மூன்றாம் நாள் கொழுக்கட்டை, அன்றுதான் அவர் பேரிலேயே வந்தது. படங்களுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். லுவான் சித்தப்பாவும் வந்திருந்தார். சித்தி இழுத்து வந்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தூண் ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அத்தை வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து பிரித்துக் கட்டினார். எங்களுக்கு ஒரு பை. சித்தப்பாவுக்கு ஒரு பை. எழுந்து போய் அதை அவர் கையில் வைத்தார்.

சித்தப்பா பிரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"எட்டா?" என்றார். திதி நாளிலிருந்து அவர் அத்தையிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

"நாலு பேர்தானே."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. திதி நாளில் சித்தியின் முகம் இருந்ததைப்போலவே இருந்தது. பையின் வாயை இரண்டு விரலால் விரித்து, அடியில் இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினார்.

"நேத்துக் காலைல," என்றார், "மண்வெட்டி எங்கன்னு உன்ன ரெண்டு தடவ கூப்பிட்டேன் அக்கா. பதிலே வரல. மூணாவது தடவ கூப்பிடப் போகும்போதுதான்..."

"மண்வெட்டி கோழிக்கூண்டுக்குப் பின்னால இருக்கு," என்றார் அத்தை. "கோபுர மேடு என்ன, கடலுக்கு அந்தாண்டையா இருக்கு? நல்லாச் சத்தமாக் கூப்பிடு. கேக்கும்."

சித்தப்பா ஒரு கொழுக்கட்டையை எடுத்து இலையை உரித்தார். நின்றபடியே கடித்தார். கண் கலங்கியது.

"இஞ்சி ஜாஸ்தி," என்றார்.

"அவருக்கு அப்படித்தான் புடிக்கும்," என்றார் அத்தை. வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹொவாய், தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.